வயிறு நிறைந்த ஆடு ஏன் இளைக்கிறது?

மார்ச் மாதத்தில் வத்தல்மலைக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே எட்டிப் பார்ப்பார்கள். தருமபுரிச் சமவெளி முழுக்க ஒரே வைக்கோல் நிறம். மேலே, கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கும் உயரத்தில், காபிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும். அடிவாரக் கரடுகளில் அதுவும் கிடையாது. ஆனால் புல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. புல் இருக்கிறது, காய்ந்துபோய். செம்மறிகள் வெயில் ஏறும் நேரத்தில் பட்டியை விட்டுக் கிளம்புகின்றன, பொழுது சாயும்போது வயிறு புடைக்கத் திரும்புகின்றன. அப்படியும் வாரத்துக்கு வாரம் இளைக்கின்றன.

"வயிறு ரொம்பித்தான் வருது, ஒடம்புதான் ஏறல." கோடையில் ஆட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வந்து விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். குடற்புழு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் மாறியதாகச் சந்தேகப்படுவார்கள். கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. புழு ஒரு காரணமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் பாதிக் கதை ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

செம்மறி புல்லைத் தின்கிறது என்றாலும் அதைச் செரிப்பது ஆடு அல்ல. முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை உடைக்கின்றன. அவை பெருகுவதற்குத் தழைச்சத்து வேண்டும், அதாவது தீனியில் புரதம் இருக்க வேண்டும். தின்னும் தீனியில் 7 சதவீதத்துக்குக் கீழே புரதம் இறங்கினால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். தின்ற புல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். தங்கினால் அடுத்த வாய்க்கு இடம் ஏது? மழைக்காலத்தில் தளதளவென்று இருக்கும் புல்லில் புரதம் தாராளம். விதை உதிர்த்துக் காய்ந்த புல்லில் அது 3, 4 சதவீதம்தான் தேறும். பொழுது சாயும்போது புடைத்துத் தெரிகிற வயிற்றில் பாதிக்கு மேல் நேற்றும் முந்தாநாளும் தின்ற தீனி.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் சமாச்சாரம் பளிச்சென்று தெரியும். 25 கிலோ எடையுள்ள ஒரு பெட்டை, கோடையில் நாளொன்றுக்கு 700 கிராம் காய்ந்த புல் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீதம் என்றால் அதிலிருந்து கிடைக்கும் புரதம் 28 கிராம். இத்தோடு 60 கிராம் கடலைப் பிண்ணாக்கு, அதாவது ஒரு கைப்பிடி. பிண்ணாக்கில் ஏறக்குறைய 44 சதவீதம் புரதம் என்றால் இன்னொரு 26 கிராம். மொத்தம் 54. தின்ற தீனி 760 கிராமுக்கு இது 7 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. நின்றுபோன ஆலை ஓடத் தொடங்குகிறது. புல் வேகமாகச் செரிக்கிறது, வயிறு காலியாகிறது, ஆடு முன்னைவிட அதிகமாக மேய்கிறது. அந்தக் கைப்பிடிப் பிண்ணாக்கை ஆட்டுக்குப் போட்ட தீனி என்று நினைப்பதைவிட, கரட்டில் சும்மா கிடக்கும் புல்லைத் தீனியாக மாற்றும் பொருள் என்று நினைப்பது சரி.

இதே இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆடு இளைத்துவிட்டதே என்று நொய்யரிசிக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் வாளி வாளியாக வைக்கிறார்கள். மாவுச்சத்து அதிகம், புரதம் குறைவு. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை ஓரங்கட்டிவிட்டு மாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். ஆட்டுக்கோ பட்டியிலேயே வயிறு நிரம்பிவிட்டதால் மேய்ச்சலில் நாட்டம் போய்விடும். செலவு கூடியது, புல் வீணானது, ஆடு இருந்தபடியே இருக்கிறது. திடீரென்று அளவு கூடினால் இன்னும் மோசம். வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, ஆடு படுத்துவிடும். பொங்கல் முடிந்த மறுநாளும் கல்யாண வீட்டுப் பந்திக்குப் பிறகும் கால்நடை மருத்துவமனைகளுக்கு இப்படி ஆடுகள் வருவது தமிழ்நாடு முழுக்க நடக்கிற சங்கதிதான்.

பிண்ணாக்கைத் தினமும் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அசைபோடும் விலங்குகளின் உடலில் ஒரு வசதி உண்டு. மிஞ்சிய தழைச்சத்து யூரியாவாக மாறி எச்சில் வழியாக மறுபடியும் இரைப்பைக்கே வந்து சேரும். அதனால் புரதத் தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று முறை கொடுத்தாலும் பலன் பெரிதாகக் குறைவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கில் செம்மறி வைத்திருக்கிறவர்கள் லூபின் என்கிற பயறு வகையை வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வண்டியிலிருந்து தரையில் தூவிக்கொண்டே போகிறார்கள். நம் ஊரில் அந்த இடத்தைக் கொள்ளு பிடிக்கலாம். லூபினில் 30 சதவீதம் அளவுக்குப் புரதம் என்றால் கொள்ளில் 22 சதவீதம். தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காட்டில் கொள்ளு புதிதல்ல. கொள்ளு அடித்த பிறகு மிஞ்சும் பொட்டும் கொடியும்கூட நல்ல தீனி. தானிய வகைகளுக்கு மட்டும் இந்த இடைவெளிச் சலுகை கிடையாது. அவற்றை அன்றாடம், சிறு அளவில்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் செம்மறி என்றால் மேச்சேரி இனம்தான். சேலம், ஈரோடு, தருமபுரி வட்டாரங்களில் வெளிர் பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல், குட்டை வாலோடு மேய்வது அதுதான். கம்பளி கிடையாது, முடிதான். கறிக்கும் அருமையான தோலுக்கும் பேர் போனது. அதற்காகவே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-லிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, இப்போது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். இன்னொரு இனம் திருச்சி கருப்பு. தருமபுரியிலும் அது உண்டு. அதன் முரட்டு முடியில்தான் கம்பளி நெய்தார்கள். இரண்டுமே வறண்ட நிலத்துக்குப் பழகியவை. மூடுபனியும் ஈரமுமாகக் கிடக்கும் மலை உச்சியைவிட வெயில் காயும் அடிவாரம்தான் இவற்றின் குளம்புக்கு ஒத்துவரும்.

மேச்சேரியின் குணம் தெரியாமல் தீனி யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சேர்க்கைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைகளுக்கு 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் இரட்டைக் குட்டி போடும் என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். மற்ற சில இனங்களுக்கு அது பொருந்தும். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடுகிற இனம். தீனியைக் கொட்டினாலும் இரட்டை வந்து குவியாது. கோடையில் இளைத்துப்போன பெட்டைகள் தவறாமல் பருவத்துக்கு வரும், சினை பிடிக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய லாபம் என்பது வேறு விஷயம்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான், அதை எந்த வாரத்தில் செலவு செய்வது? இதுதான் உண்மையான கேள்வி. பெரும்பாலான பட்டிகளில் அந்தப் பணம் விற்கப்போகும் கிடாவுக்குப் போகிறது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தையில் கிடா என்ன விலை போகும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். சினை ஆட்டுக்கு யாரும் சந்தையில் விலை கேட்பதில்லை. அதனால் அது மேய்ந்தது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பிறக்கும்போது குட்டிக்கு இருக்கும் எடையில் சுமார் 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில் ஏறுவது. மடியும் அப்போதுதான் பால் சுரக்கத் தயாராகிறது. டிசம்பர் நடுவில் சேர்ந்த பெட்டை மே நடுவில் ஈனும். அதன் கடைசி ஆறு வாரம் சரியாக ஏப்ரலில் தொடங்குகிறது. ஆண்டிலேயே புல் மிக மட்டமாக இருக்கும் நேரம். வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாயால் நிறையத் தின்னவும் முடியாது. அந்த ஆறு வாரம் நாளுக்கு 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் ஒரு தாய்க்கு மொத்தமே 9 கிலோவுக்குள்தான் முடியும். அதைக் கொடுக்காத பட்டியில் 2 கிலோவைத் தாண்டாத குட்டி பிறக்கும், எழுந்து நிற்க நேரமாகும், சீம்பால் குடிக்கத் தாமதமாகும், தாய்க்கும் பால் பற்றாது. அப்படிப் போன ஒரு குட்டியின் விலையில் எத்தனை தாய்களுக்கு 9 கிலோ வாங்கலாம் என்று சந்தைக்குப் போகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடர்தீவனம் என்றால் கடையில் வாங்கும் மூட்டைதான் என்றில்லை. 100 கிலோவுக்கு, உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாதா உப்பு 1 என்று கலந்தால் புரதம் 18 சதவீதம் வரும். மக்காச்சோளத்துக்குப் பதில் கம்போ கேழ்வரகோ போடலாம். தாது உப்பு வாங்கும்போது மட்டும் பையைப் பார்த்து வாங்க வேண்டும். மாட்டுக்கென்று தயாரித்த கலவையில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம். மாடு தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காது. ஈரலில் சேர்த்துச் சேர்த்து வைத்து ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலை மாதிரி விழுந்துவிடும்.

பிண்ணாக்கில் பூஞ்சணம் இருந்தால் மலிவு விலைக்குக் கிடைத்தாலும் தொடக்கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் கண்டுபிடித்தது, அவற்றுக்குப் போட்ட பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சை. அஃப்ளடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். வான்கோழியைவிடச் செம்மறி கொஞ்சம் தாங்கும், ஆனால் சினை ஆடும் குட்டியும் அந்தக் கணக்கில் வராது.

காசு கொடுத்து வாங்காமல் தருமபுரியில் கிடைப்பவை ஏராளம். இது பட்டுக்கூடு விளையும் மாவட்டம். புழு தின்று மிச்சம் வைத்த மல்பெரித் தண்டும் இலையும் படுக்கையிலிருந்து கூடை கூடையாக வெளியே வருகின்றன. மல்பெரி இலையில் புரதம் 15 சதவீதத்துக்கு மேல். புழு வளர்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருந்தால் அது கொடுத்துவைத்த பட்டி. படுக்கையில் சுண்ணாம்போ கிருமிநாசினியோ தூவிய நாட்களில் மட்டும் அந்த மிச்சத்தை ஒதுக்கிவிட வேண்டும். கடலைக்கொடி, துவரைப் பொட்டு, உளுந்துப் பொட்டு எல்லாம் கோடைக்குப் போர் போட்டு வைக்கத் தக்கவை. மரவள்ளி அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் திப்பியையும் ஆட்டுக்குப் போடுகிறார்கள். திப்பியில் மாவுதான் இருக்கிறது, புரதம் பெயருக்குத்தான். பிண்ணாக்கோடு சேர்த்தால் சரி, திப்பியை மட்டும் போட்டால் மேலே சொன்ன கஞ்சிக் கதைதான்.

மரவள்ளியிலேயே ஆபத்தும் இருக்கிறது. அறுவடையான காட்டில் வாடாத மரவள்ளி இலையை மேய்ந்த ஆடுகள் சற்று நேரத்தில் துடித்துச் சாவதுண்டு. மழை பொய்த்து முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் சோளப் பயிரிலும் அதே நஞ்சு, சயனைடு. மூச்சிரைப்பு, வாயில் நுரை, பிறகு நேரமே இருக்காது. இந்த இடத்தில் கை வைத்தியத்துக்கு அவகாசம் கிடையாது, மருத்துவரின் ஊசிதான். பசியோடு போகிற மந்தைதான் இப்படிப்பட்ட காட்டில் பாய்ந்து மேயும். காலையில் கொஞ்சம் கொடியைத் தின்றுவிட்டுப் போகிற மந்தைக்கு அந்த அவசரம் இருக்காது.

மரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதில் ஆசான்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்கள். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். புல் காயும் கோடையில் வெள்வேல நெற்றை உலுக்கிவிடுவார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் பொறுக்கித் தின்னும். புல்லில் இல்லாத புரதத்தை நெற்று கொடுத்துவிடுகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு இது. தருமபுரிக் கரடுகளில் சீமைக்கருவேல் நெற்றும் கிடைக்கும். அதிலும் 12 சதவீதம் அளவுக்குப் புரதம், இனிப்பு வேறு. ஆனால் இடித்துத் தூளாக்கித்தான் கொடுக்க வேண்டும். முழு நெற்றாகத் தின்றால் விதை புழுக்கையோடு விழுந்து, அடுத்த மழைக்குக் கரடு முழுக்க முள்ளாகிவிடும்.

சவுண்டல் இலைக்கு ஒரு சுவையான கதை உண்டு. புரதம் 20 சதவீதத்துக்கு மேல், ஆனால் மிமோசின் என்ற நஞ்சும் இருக்கிறது. அதிகம் தின்றால் முடி கொட்டும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் பாதிக்கப்பட்டன, ஹவாய்த் தீவின் ஆடுகளோ வயிறார சவுண்டல் தின்றுவிட்டுச் சும்மா திரிந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் மிமோசினைத் தின்று தீர்க்கும் ஒரு பாக்டீரியா இருந்தது. அதை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் விட்டதும் அவையும் தேறின. பாக்டீரியாவுக்கே பிறகு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். எப்படியும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் சவுண்டல் கொடுப்பது நல்லது. அகத்திக்கும் வேலிமசாலுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

யூரியாவைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யூரியாவும் தழைச்சத்துதான், நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். 1980-களில் தேசிய பால்வள வாரியம் யூரியா, கழிவுப்பாகு, தாது உப்பு சேர்த்துச் செங்கல் மாதிரி நக்குக் கட்டிகளை இந்தியாவில் பரப்பியது. கட்டியின் சூட்சுமம் அதன் கெட்டித்தன்மையில் இருக்கிறது. நாக்கால் நக்கி நக்கித்தான் எடுக்க முடியும், அள்ளித் தின்ன முடியாது. அதே யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வைத்தாலோ தவிட்டில் கை போன போக்கில் பிசைந்தாலோ அம்மோனியா ஏறி அரை மணி நேரத்தில் ஆடு போய்விடும். வீட்டில் செய்ய நினைத்தாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு சாராயக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருகிற சரக்கு, நினைத்த மாதிரி குடத்தில் பிடித்து வர முடியாது. பிண்ணாக்கும் மர இலையும் கிடைக்கிற ஊரில் சின்னப் பட்டிக்கு யூரியா தேவையே இல்லை.

தீனி வைக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஒரே தொட்டியில் கொட்டினால் கொழுத்தது முட்டித் தள்ளித் தின்னும், இளைத்தது வேடிக்கை பார்க்கும். பருமனான பிளாஸ்டிக் குழாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கட்டினால் தலைக்கு ஓர் அடி வீதம் இடம் கிடைக்கும். குட்டிகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பட்டியின் ஒரு மூலையில் மூங்கிலை நட்டு, குட்டி மட்டும் நுழையும்படி ஒரு சாண் இடைவெளி விட்டு, உள்ளே ஒரு தட்டில் தீவனம். இரண்டு வாரக் குட்டி முதல் நாள் மோந்து பார்க்கும், மறுநாள் மூக்கில் மாவை ஒட்டிக்கொண்டு வெளியே வரும், ஒரு வாரத்தில் மற்ற குட்டிகளை முட்டத் தொடங்கிவிடும். தாய்கள் வெளியே நின்று மூங்கிலில் தலையை நுழைக்கப் பார்த்துத் தோற்கும்.

எந்த ஆட்டுக்குத் தேவை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். வயிறு புடைத்திருக்கிற ஆடு கொழுத்த மாதிரிதான் தெரியும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகின் இரண்டு பக்கமும் விரலை அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு நுனி கூர்மையாகக் குத்தி, அதற்கடியில் விரல் எளிதாக நுழைந்தால் மதிப்பெண் 1. எலும்பு உருண்டையாக, அழுத்தினால்தான் தெரிகிற மாதிரி இருந்தால் 3. எலும்பே தட்டுப்படவில்லை என்றால் 5. 1961-ல் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரிஸ் என்பவர் எழுதிவைத்த முறை இது. சந்தையில் துண்டுக்கு அடியில் விலை பேசும் தரகர்களின் விரல்கள் ஆட்டின் முதுகில் போய் நிற்கிற இடமும் இதேதான். சேர்க்கைக்கு முன்பும் கடைசி ஆறு வாரத்திலும் மந்தையைத் தடவிப் பார்த்து, 2-க்குக் கீழே இருப்பவற்றை மட்டும் பிரித்துக் கவனித்தாலே பாதிச் செலவு மிச்சம்.

மேய்ச்சல் நிலம் குறைந்துகொண்டே போவதால் இந்தக் கணக்குகள் முன்பைவிட அவசியமாகிவிட்டன. 2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் கொடுக்கத் தொடங்கியது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் சுமார் 45 லட்சம். இவை மேய்வதற்கான புறம்போக்கு எந்த ஊரிலும் கூடவில்லை. மலைச் சரிவுகளில் வனத்துறையின் கட்டுப்பாடு வேறு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தடை சுருங்கினாலும் காப்புக்காட்டு எல்லையில் மந்தையை ஓட்டுகிறவர்களின் பயம் சுருங்கவில்லை.

ஜூனில் மழை இறங்கியதும் எல்லாம் மாறும். பத்து நாளில் கரடு பச்சை பிடிக்கும், கோடை முழுக்கக் காய்ந்த புல்லில் கிடந்த வயிறு இளம்புல்லைக் கண்டு ஆவலாகப் பாயும். துள்ளுமாரி நோய் தலைகாட்டும் சமயம் அதுதான். மந்தையிலேயே வாளிப்பான குட்டி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு விழுந்து செத்துவிடும். தடுப்பூசியை மழைக்கு முன்பே, மே மாதத்திலேயே போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் வெளியே ஓட்டுவதற்கு முன்னால் ஆளுக்கொரு பிடி கடலைக்கொடியோ கேழ்வரகுத் தாளோ தின்னவிட்டு, பனி உலர்ந்த பிறகு மெதுவாக ஓட்டிச் செல்வது பழைய ஆட்டுக்காரர்களின் வழக்கம். பிண்ணாக்கை அந்த இரண்டு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். உப்பும் தாது உப்பும் மட்டும் பட்டியில் தொங்கட்டும்.